அண்ணாமலை என்னும் பெயர்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக் கோயிலின் பிராகாரத்தில் நின்று பார்க்க வேண்டும். மணி ஆறாவதற்கு இன்னும் சில நிமிஷங்களே இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஜனங்களின் முகங்கள் மலையுச்சியை நோக்கி நிமிர்ந்திருக்கின்றன. அந்த நெருக்கத்தில், கையை விட்டு நழுவிப்போன பிள்ளையைத் தேடி ஒரு தாய், "அண்ணாமலை! அண்ணாமலை!" என்று கூவுவாளாயின் என்ன நேரும்? பக்கத்தில் நிற்கும் பெரியவர், பக்தி மேலீட்டால் கூவுகிறாள் என்று எண்ணி, "அரோகரா!" என்று பதில் முழக்கம் செய்வார். அந்தப் பெயருடைய வேறு நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். தேடப்பட்ட பிள்ளையோ ஒன்றும் காதில் விழாமல் மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பான்.

சுவாமியின் பெயர், ஊரின் பெயர், மலையின் பெயர், மகனின் பெயர் ஆகிய நான்கும் ஒன்றாகவே அமைந்திருப்பது இந்த க்ஷேத்திரத்தின் விசேஷம். ஆனால் அந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்டால், அதைத் தாங்கி நடமாடுகிறவர்களிலேயே பலர் சற்றுத் தயங்குவார்கள். "சாமி பேர் வைத்தார்கள்" என்பார் ஒருவர். "தாத்தா பேர்" என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையே. எனினும் பெயருக்குள் இருக்கும் செய்தி அவ்விரண்டு விடைகளோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பார்க்கும்போது, மலையைப் பெயராகச் சூடிக்கொண்ட இன்னொரு பழைய ஜனசமூகத்தின் வழக்கத்தையும் ஒப்புநோக்குவோம். அவர்கள் சீனர். அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ஒரு மலை, பல பெயர்

கடல்மட்டத்துக்கு மேல் 2,600 அடிக்குச் சற்று அதிகமாக உயர்ந்து நிற்கும் இம்மலைக்கு வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் தலையானவை இரண்டு: தமிழில் அண்ணாமலை, வடமொழியில் அருணாசலம்.

'அண்ணுதல்' என்றால் நெருங்குதல். 'அண்ணா' என்பது அதன் எதிர்மறை. ஆகவே அண்ணாமலை என்பது நெருங்க ஒண்ணாத மலை என்று பெரியோர் பொருள் கூறுவர். பிரமனும் திருமாலும் அடியும் முடியும் தேடிச் சென்று காணமாட்டாது திரும்பிய புராணக் கதை இந்தப் பொருளோடு நன்றாக இசைகிறது. தேவர்களாலும் எட்ட முடியாத ஜோதி, மனிதர்களின் பொருட்டு மலையாகக் குளிர்ந்து நின்றது என்பது இவ்வூரின் நம்பிக்கை.

சொல்லை வேறொரு வழியாகவும் நோக்கலாம். வாயின் மேற்புறத்தை 'அண்ணம்' என்கிறோம். தலையை நிமிர்த்தி உயரே நோக்குவதை 'அண்ணாந்து பார்த்தல்' என்கிறோம். மேல், உயரம் என்னும் கருத்துடைய ஒரு பழைய வேர் இச்சொற்களில் மறைந்திருக்கிறது. அவ்வேரோடு சேர்த்துப் பார்த்தால், அண்ணாமலை என்பது அண்ணாந்து பார்க்கும் மலையாகிறது. எந்தப் பொருளைக் கொண்டாலும் மலைக்குக் குறைவில்லை. முதற்பொருளில் மலை நமக்கு எட்டாமல் நிற்கிறது. இரண்டாம் பொருளில் நம் கழுத்தை நிமிரச் செய்கிறது.

இப்பெயரின் பழமைக்குச் சான்றுகள் உண்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கள் பதிகங்களில் அண்ணாமலை என்றே பாடியிருக்கின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், மலையைச் சூழ்ந்த நிலப்பகுதிக்கே 'அண்ணாநாடு' என்று பெயர் காணப்படுகிறது. மலை தன் பெயரை முதலில் ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வீடுகளுக்குள் புகுந்தது போலும்!

இனி அருணாசலம். 'அருணம்' என்பது செம்மை. அதிலும் வைகறையில் கீழ்வானத்திலே தோன்றும் செம்மை. சூரியனுடைய தேரை ஓட்டும் சாரதிக்கு அருணன் என்று பெயர் வந்ததும் அதனால்தான். 'அசலம்' என்பது சலியாதது, அசையாதது, ஆகவே மலை. இரண்டும் சேர்ந்து செந்நிற மலையாயின. 'கிரி' என்று முடித்தால் அருணகிரி. 'அருணம்' என்பதற்குப் பதிலாகச் செம்மையைக் குறிக்கும் 'சோணம்' என்ற சொல்லை வைத்தால் சோணாசலம், சோணகிரி, சோணசைலம். புலவர்கள் அன்போடு சுருக்கிச் சொன்னால் அருணை. இவ்வளவு பெயர்களும் திருவண்ணாமலை வட்டாரத்து வீடுகளிலும், அங்கே குலதெய்வ வழிபாடு உடைய வெளியூர்க் குடும்பங்களிலும் பிள்ளைப் பெயர்களாக வழங்கியவை.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப்பெயர்கள் பல தமிழிலிருந்து வடமொழிக்கு அப்படியே பெயர்க்கப்பட்டவை. தேவாரம் பாடிய முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று. முதுமையும் குன்றும் பொருள் மாறாமல் மொழி மட்டும் மாறின. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய சொ. விருத்தாசலம் என்பவர்தாம், புதுமைப்பித்தன் (1906–1948) என்னும் புனைபெயரோடு சிறுகதை உலகைக் கலக்கினார். முதுமலை புதுமை எழுதியது ஒரு வேடிக்கை! எதிர்த்திசையில் நடந்த பெயர்ப்பும் உண்டு. சுவாமி வேதாசலம் 1916-ஆம் ஆண்டில் தம் பெயரைத் தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று.

அண்ணாமலையும் அருணாசலமும் அப்படி ஒன்றன் பெயர்ப்பாக மற்றொன்று வந்தவை அல்ல. ஒன்று மலைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறது. மற்றொன்று மலையின் நிறத்தையும் நிலையையும் சொல்கிறது. ஒரே மலையை இரண்டு மொழிகள் இரண்டு பக்கமிருந்து பார்த்திருக்கின்றன. ஆகவே இந்த இரு பெயர்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால் மலையின் ஒரு பக்கம் நமக்கு மறைந்துவிடும்.

பெண்களுக்கு வந்த மலை

ஆண்பிள்ளைகளின் பெயர் இவ்வாறிருக்க, பெண்களின் பெயரில் நிகழ்ந்த மாறுதல் இன்னும் சுவையானது. இக்கோயிலின் அம்பிகைக்கு உண்ணாமுலை என்று திருநாமம். உலகத்துக்கெல்லாம் தாயாயினும் எந்தக் குழந்தையும் பாலுண்ணாத தனங்களை உடையவள் என்பது கருத்து. அபீதகுசாம்பாள் என்ற வடமொழிப் பெயருக்கும் இதுவே பொருள். திருஞானசம்பந்தருடைய அண்ணாமலைப் பதிகம் ஒன்று இந்தத் திருநாமத்தைக் கொண்டே தொடங்குகிறது.

அம்பிகையின் பெயரைப் பெண்ணுக்கு இட்டுக் கூப்பிட்டபோது, குடும்பத்தாரின் நாவிலே அது மெல்ல 'உண்ணாமலை' ஆயிற்று. ஓர் உயிரெழுத்தின் ஒலி மாறியது. முழுப் பொருளும் இடம் பெயர்ந்தது. இலக்கணம் பார்த்தால் உண்ணாத மலை என்றாகும். அதற்கு ஒரு பொருளும் பொருந்தாது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இலக்கணம் பார்க்கவில்லை. அண்ணனுக்கு அண்ணாமலை, தங்கைக்கு உண்ணாமலை என்று இரு குழந்தைகளுக்கும் மலையைப் பங்கிட்டுக் கொடுத்த திருப்தி அவர்களுக்கு இருந்தது. செட்டிநாட்டு வீடுகளிலே உண்ணாமலை ஆச்சிகள் பலர் வாழ்ந்திருக்கின்றனர்.

பேரனும் பெயரனும்

தாத்தாவின் பெயரை மகனுடைய மகனுக்கு இடுவது நம் நாட்டுத் தொன்றுதொட்ட வழக்கம். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ. பெயரைத் தாங்குகிறவன் என்பது பொருள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நிறுவுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) தந்தையார் பெயர் முத்தையா; மூத்த குமாரர் பெயரும் முத்தையா. இப்படி ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வருவதால், முன்னோர் முற்றும் மறைந்துவிடுவதில்லை.

இவ்வழக்கத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. கணவனின் பெயரையும் சொல்லக்கூடாது. ஆகவே, மாமனாரின் பெயரைச் சுமந்த சொந்தப் பிள்ளையைக்கூட "ஐயா", "பெரியவரே" என்று சுற்றி வளைத்துத்தான் தாய் கூப்பிட்டாள். கணவன் பெயர் அண்ணாமலை என்றாலோ, "எந்த ஊர் அம்மா?" என்று கேட்பவருக்கு விடை சொல்லவும் அக்காலத்துப் பெண் தயங்கியிருப்பாள். மலை இருக்கும் திக்கைக் கையால் காட்டியிருப்பாள்!

சீனதேசத்தில் இந்த மரியாதை வேறு உருவம் கொண்டது. அங்கே தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது பழைய மரபுக்கு அபசாரம். பெரியோரின் பெயரிலுள்ள எழுத்தைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டும். சக்கரவர்த்தியின் பெயரிலுள்ள எழுத்தையோ தேசமே தவிர்க்க வேண்டும். ஹான் வமிசத்துச் சக்கரவர்த்தியாகிய வென் என்பவர் கி.மு. 180 முதல் 157 வரை ஆண்டார். அவருடைய இயற்பெயர் 'ஹெங்' என்பது. நிலையானது என்று அதற்குப் பொருள். 'ஹெங் ஷான்' என்னும் மலையின் பெயரால் வழங்கிய மாவட்டம், அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதற்காக, 'சாங் ஷான்' என்று மாற்றப்பட்டது. 'சாங்' என்பதற்கும் நிலையானது என்பதே பொருள்! அங்கே அரசனின் பொருட்டு மலை தன் பெயரை விட்டுக் கொடுத்தது. இங்கே மலையின் பெயரை வாங்கிக்கொள்ள அரசனும் ஆண்டியும் ஒன்றாகக் கை நீட்டினர். மரியாதை ஒன்றே, அது காட்டும் வழிகள்தாம் இரண்டு.

சீன எழுத்தில் ஒரு மலை

மேலே சொன்ன பெயர்களில் வந்த 'ஷான்' என்பதே சீனத்தில் மலையைக் குறிக்கும் சொல். அதன் எழுத்தை எளிதில் மனத்தில் வரைந்துகொள்ளலாம். நடுவிலே ஓங்கி நிற்கும் கோடு ஒன்று. இருபுறமும் அதைவிடக் குட்டையான கோடு ஒவ்வொன்று. மூன்றையும் அடியிலே தாங்கும் படுக்கைக்கோடு ஒன்று. தூரிகையை மூன்று முறை வீசினால் எழுத்து முடிந்துவிடும். நடுச்சிகரமும் இரு துணைச் சிகரங்களும் என்று குழந்தையும் சொல்லிவிடும்.

இவ்வெழுத்தின் பழைய உருவம் எருதின் தோள் எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் கிடைத்திருக்கிறது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்னர் ஷாங் வமிசத்து அரசர்கள், மழை வருமா, போரில் வெற்றி கிட்டுமா என்று குறி கேட்ட கேள்விகளை அவற்றில் பொறித்து வைத்தார்கள். நெடுங்காலம் மண்ணுக்குள் மறைந்திருந்த இந்த எழுத்துகளின் அருமையைப் புலவர்கள் உணர்ந்தது 1899-ஆம் ஆண்டிலேதான்.

அவ்வெலும்புகளில் திருவண்ணாமலைக்காரர் எவரும் கண்டு வியக்கக் கூடிய செய்தி ஒன்று உண்டு. மலையைக் குறிக்கும் எழுத்து அங்கே மூன்று முனைகளாக வரையப்பட்டிருக்கிறது. நெருப்பைக் குறிக்கும் எழுத்தும் மூன்று நாக்குகளாகவே வரையப்பட்டிருக்கிறது. அடிப்பாகம் நேராக இருந்தால் மலை; வளைந்திருந்தால் நெருப்பு. கை சற்று மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். ஆராய்ச்சியாளர்களே இரண்டையும் பிரித்தறியச் சிரமப்படுவதுண்டு. மலையையும் தீயையும் ஒரே வடிவில் கண்ட கண்கள் அவை! பஞ்சபூத ஸ்தலங்களில் அக்கினி ஸ்தலமாகிய நம் அருணைக்கும் அந்தச் சீனத்து எலும்புகளுக்கும் எத்தகைய உறவும் இல்லை. திருவண்ணாமலை எரிமலையும் அன்று. மிகப் பழைய கற்பாறை அது. எனினும், கூம்பி உயரும் சிகரமும் கூம்பி உயரும் சுடரும் மனிதனுடைய கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் என்பதற்கு, ஒன்றையொன்று அறியாத இரண்டு தேசங்கள் சாட்சி சொல்கின்றன.

இன்னோர் எழுத்தையும் பார்ப்போம். 'மனிதன்' என்னும் எழுத்தை இடப்புறமும் 'மலை' என்னும் எழுத்தை வலப்புறமும் வைத்தால், 'ஷியன்' என்று இன்று வழங்கும் எழுத்து உண்டாகிறது. மரணத்தை வென்ற முனிவர், சித்தர் என்பது அதன் பொருள். மலையை அடைந்த மனிதன் சித்தன்! குகை நமசிவாயரும் குரு நமசிவாயரும் வாழ்ந்த இடம், விரூபாக்ஷி குகையும் ஸ்கந்தாசிரமும் அமைந்த இடம் திருவண்ணாமலை. இவ்வெழுத்துக்கு இங்கே உரை எழுத வேண்டிய அவசியமில்லை.

தலைவருக்கு வந்த பெயர்

சீன மக்களின் விடுதலைத் தலைவராகிய டாக்டர் சுன் யாட் சென்னை (1866–1925) அறியாதார் இல்லை. மஞ்சு வமிசத்தின் முடியாட்சியை ஒழித்து, 1912 ஜனவரி முதல் தேதியன்று சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்ற பெருமகன் அவர். அவர் பெயரின் இறுதியிலுள்ள 'சென்' என்பது, மனிதனும் மலையும் சேர்ந்த மேற்படி எழுத்தின் தென்சீன உச்சரிப்பே.

ஆனால் அவருடைய நாட்டார் அவரைப் பெரும்பாலும் அப்பெயரால் அழைப்பதில்லை. 'சுன் சோங்ஷான்' என்பார்கள். இந்தப் பெயர் வந்த விதம் விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் ஜப்பானில் மறைந்து வாழ நேர்ந்தது. அப்போது 'நகயாமா' என்னும் ஜப்பானியக் குடும்பப் பெயரைப் புனைபெயராகப் பூண்டார். 'நடு மலை' என்று அதற்குப் பொருள். ஜப்பானியர் 'நகயாமா' என்று படிக்கும் அதே இரண்டு எழுத்துகளைச் சீனர் 'சோங்ஷான்' என்று படிப்பார்கள். ஒலி முற்றிலும் மாறியது, மலை மாறவில்லை. அந்நிய நாட்டில் உயிர் தப்புவதற்காகப் பூண்ட பெயர், தாய்நாட்டுக்குத் திரும்பி வந்து நிலைத்துவிட்டது. அவர் பிறந்த மாவட்டத்தின் பெயர் 'ஷியாங்ஷான்', அதாவது நறுமண மலை. அவர் காலமான 1925-ஆம் ஆண்டில் அது 'சோங்ஷான்' என்று அவர் பெயரையே ஏற்றது.

இந்தக் கதையிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சீன எழுத்து பொருளைத் தனக்குள்ளேயே வைத்துக் காக்கிறது. பீக்கிங்கில் 'ஷான்' என்றாலும், ஜப்பானில் 'யாமா' என்றாலும், கொரியாவில் 'சான்' என்றாலும், எழுத்தைக் கண்டவுடன் மலை தெரிந்துவிடுகிறது. நம் எழுத்தோ ஒலியைக் காப்பது. 'அ', 'ரு', 'ணா' என்று எவ்வளவு திருத்தமாக எழுதினாலும், அவ்வெழுத்துகளில் மலையின் உருவம் இல்லை. பொருளைக் காக்க வேண்டிய பொறுப்பு எழுத்தை விட்டு மனிதரிடம் வந்து சேர்கிறது. தாயோ பாட்டியோ சொல்லிக் கொடுத்தால் பொருள் நிலைக்கும். சொல்லாவிட்டால், ஒரே தலைமுறையில் பெயர் வெறும் ஓசையாகிவிடும்.

கடல் கடந்த மலை

அவ்வாறு ஆனதற்கு உதாரணங்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1834-ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் ஏற்றிச் செல்லப்பட்டனர். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி பெயரைப் பதிவேட்டில் எழுதினான். அவன் எழுதியதே குடும்பப் பெயராகி வழிவழி வந்தது. ஆறுமுகம் 'அர்மூகம்' ஆனார். அருணாசலம் 'அர்னாசெல்லம்' ஆனார். அந்தக் குடும்பங்களில் தமிழ் பேசுவது அருகிப்போன பின்னும் பெயர் மட்டும் நிற்கிறது. அதற்குள் ஒரு செம்மலை இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லாது. அது சீன எழுத்தாக இருந்திருந்தால் சொல்லியிருக்கும்!

கடல் கடந்தவர் எல்லோரும் கூலிகளாய்ச் சென்றவர் அல்லர். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழ் வணிகர் சீனத்துக் கடற்கரைப் பட்டினமாகிய சுவான்சௌவில் நிமிர்ந்து வாழ்ந்தார்கள். அங்கே கிடைத்துள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்று சக வருஷம் 1203, அதாவது கி.பி. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மங்கோலியக் கானின் உடல்நலத்தின் பொருட்டுச் சிவபிரானை எழுந்தருளச் செய்த செய்தியை அது கூறுகிறது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்திருப்பணியைச் செய்தவரின் பெயர் சம்பந்தப் பெருமாள். அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரின் பெயர், ஆறு நூற்றாண்டுகள் கழித்துச் சீனமண்ணில் சிதையாமல் கல்லில் நிற்கிறது. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவனுக்கும், பிறன் எழுத விட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இலங்கையிலும் இப்பெயர் தலைநிமிர்ந்து நின்றது. 1919-ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). சீகாழியில் வாழ்ந்து இராம நாடகக் கீர்த்தனைகளைச் செய்த அருணாசலக் கவிராயர் (1711–1779), காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஆகியோரும் அருணையிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்து அதன் பெயரைத் தாங்கியவர்கள். பாரத தேசத்தின் வடகிழக்கு மூலையிலும் இச்சொல் ஒலிக்கிறது. அங்குள்ள எல்லைப்புறப் பகுதி 1972-ஆம் ஆண்டில் அருணாசலப் பிரதேசம் என்று பெயர் பெற்று, 1987-இல் தனி மாநிலமாயிற்று. வைகறை ஒளி படியும் மலைகளின் நாடு என்பது அதன் பொருள். சொல் ஒன்றே, பொருளை அறிந்தவர் தம் நாட்டுக்குப் பொருந்துமாறு அதை எடுத்தாண்டனர்.

பெயரைச் சுருக்குவதிலும் பொருள் கெடுவதுண்டு. அருணாசலத்தையும் வெங்கடாசலத்தையும் 'சலம்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். 'அசலம்' அசையாதது, அகரத்தை எடுத்துவிட்டால் 'சலம்' அசைவது! ஓரெழுத்தில் மலை நடக்கத் தொடங்கிவிடுகிறது. குடிபாட்டி வெங்கடசலம் (1894–1979) என்னும் தெலுங்கு எழுத்தாளர் 'சலம்' என்றே பிரசித்தி பெற்றவர். பெயருக்கு ஏற்ப ஓயாத உள்ளம் படைத்தவர். பெண்களின் விடுதலைக்காக எழுதிச் சமூகத்தின் கோபத்தைச் சம்பாதித்தவர். அவர் 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து, அங்கேயே தங்கி, அங்கேயே காலமானார். சலம் கடைசியில் அசலத்தை வந்து அடைந்தது.

ஒரு பெயர் செய்த காரியம்

பெயரின் பொருளை அறிவதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மதுரையிலே வெங்கடராமன் என்ற பள்ளி மாணவன், ஊரிலிருந்து வந்த முதிய உறவினர் ஒருவரை, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அருணாசலத்திலிருந்து வருவதாக அவர் சொன்னார். பையன் திகைத்துப் போனான். அருணாசலம் என்பது மகத்தான ஒன்று என்று சிறு வயதிலிருந்தே அவன் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது ரயிலேறிச் சென்று அடையக்கூடிய ஓர் இடம் என்று அவன் எண்ணியதே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். திருவண்ணாமலைதான் அருணாசலம் என்று பெரியவர் விளக்கினார்.

அவ்வளவுதான். இரண்டு பெயர்களும் ஒன்றே என்னும் சாதாரணச் செய்தி. அடுத்த ஆண்டில் அந்தப் பையன் வீட்டைத் துறந்து புறப்பட்டு, 1896 செப்டம்பர் முதல் தேதியன்று திருவண்ணாமலையை அடைந்தான். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி தேகம் நீங்கும் வரையில் அம்மலையை விட்டு அவர் அகலவில்லை. அவரையே உலகம் ரமண மகரிஷி என்று போற்றுகிறது. ஓசையாக மட்டும் இருந்த பெயருக்கு ஒருவர் பொருளைக் காட்டினார். ஒரு வாழ்க்கை தன் திசையைக் கண்டுகொண்டது. எல்லாப் பெயர்களும் எல்லோருக்கும் இவ்வாறு செய்துவிடா. ஆனால் பொருள் தெரியாத பெயர் எவருக்கும் எதுவும் செய்யாது.

அந்நியர் ஆட்சி 1947-இல் நீங்கிவிட்டது. துறைமுகக் குமாஸ்தாவும் போய்விட்டான். எனினும் அவன் செய்த வேலையை இன்று நாமே செய்துகொண்டிருக்கிறோம். எண் சாஸ்திரம் பார்த்து ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டுகிறோம், ஒன்றைக் குறைக்கிறோம். காதுக்கு நவீனமாக இருந்தால் போதும் என்று பொருளில்லாத ஓசைகளைக் குழந்தைக்குச் சூட்டுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது பொள்ளாச்சிப் பக்கத்து ஆனைமலைக்கும் திருவண்ணாமலைக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய பெயர்களையே இடவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. புதிய பெயரும் நல்ல பெயராக இருக்கலாம். எந்தப் பெயரை இட்டாலும், "இதற்கு இதுதான் அர்த்தம், இதனால்தான் உனக்கு இட்டோம்" என்று குழந்தைக்கு ஒரு நாள் சொல்ல முடிய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சீனக் குழந்தைக்கு அவன் பெயரின் எழுத்தே அதைச் சொல்லிவிடும். தமிழ்க் குழந்தைக்கு வீட்டிலுள்ளவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மணி ஆறாகிவிட்டது. அர்த்தநாரீசுவரர் ஒரு கணம் வெளியே எழுந்தருளிக் காட்சி தருகிறார். மலையுச்சியில் ஆளுயரக் கொப்பரையிலே நெய்த்தீபம் சுடர் விட்டு எழுகிறது. இனிப் பதினொரு நாள் சுற்று வட்டாரமெங்கும் அது தெரியும். மலை எது, தீ எது என்று பிரிக்க முடியாத அந்த நேரத்தில், தாய் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அவன் இன்னும் தலையை அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "உன் பெயர் என்ன தெரியுமா?" என்று கேட்டு, அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் அவளுக்கு வாய்க்காது.